கார் நிக்கோபார் பேசுகிறேன்

என் வலது கை சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக் கம்பியில் தட்டும். இலை போட்டுச் சோறு வரும்வரை மேஜையில் தட்டும். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தொடையில் தட்டி, சண்டை கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நரம்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தக் கை பேசிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். என் வாய் செய்ய வேண்டிய வேலையை ரொம்ப வருஷம் அதுதான் செய்தது. பழக்கம் இன்னும் விடவில்லை.

எனக்குத் திக்குவாய். இப்போது பரவாயில்லை என்று சொல்கிறார்கள். சின்ன வயதில் படுமோசம். க, ப, த மூன்றும் எனக்கு ஜென்ம விரோதிகள். கடைக்குப் போய்க் கடலைமிட்டாய் கேட்க முடியாமல் எள்ளுருண்டை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். எள்ளுருண்டை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. திக்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்தத் தந்திரம் தெரியும். வராத சொல்லைக் கழற்றிவிட்டு, வருகிற சொல்லைப் போட்டுக்கொள்வது. அப்படிப் போட்டுப் போட்டு, நான் பேசியதில் பாதி நான் சொல்ல நினைத்ததே இல்லை.

அந்தமானுக்கு நான் வேலைக்காகப் போனதாகத்தான் ஊரில் நினைத்தார்கள். தென்காசிப் பக்கத்து ஜனங்களிடம் பேசிப் பேசித் தோற்றுப்போய், ஆள் குறைவான இடமாகப் பார்த்துப் போனேன் என்பதுதான் உண்மை. போர்ட் பிளேயரில் இறங்கிய அன்றே அந்த நினைப்பில் மண் விழுந்தது. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று எல்லோரும் எல்லோரிடமும் ஓயாமல் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழிலேயே திக்குகிறவன் ஹிந்தியில் என்ன கிழிப்பான்?

அங்கேயே பத்துபஸ்தி என்கிற பகுதியில் ஒரு தகரக்கூரை அறையில் தங்கிக்கொண்டு வயர்லெஸ் ஆபரேட்டர் வேலை பழகினேன். தபாலாபீசில் தந்தி அடிப்பார்களே, அதே மாதிரிதான். விரல் நுனியில் ஒரு பித்தளைக் கட்டை. குட்டையாக ஒரு தட்டு, நீளமாக ஒரு தட்டு. இந்த இரண்டையும் வைத்து எல்லா எழுத்தும். பரீட்சையில் அடிக்கத் தெரிகிறதா, கேட்டு எழுதத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். வாயைத் திற என்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் ஆளாகத் தேறினேன். கார் நிக்கோபாருக்குப் போட்டார்கள்.

அங்கே ஒரு மரக்கொட்டகை, இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஏரியல், பாட்டரி வரிசை, கொட்டகைக்கு அடியில் எந்நேரமும் படுத்துக் கிடக்கும் பன்றிகள். இதுதான் என் ஆபீஸ். முதல் நாள் அரசாங்கச் செய்திகளை எல்லாம் அனுப்பி முடித்த பிறகு, தூரத்திலிருந்து யாரோ 'யார் நீ, புது ஆளா?' என்று தட்டிக் கேட்டான். பழகும்போது காதில் விழுந்த ஹிந்தியை இங்கிலீஷ் எழுத்தில் வைத்துப் பதில் அடித்தேன். ஊர், வயது, கப்பலில் வந்த கதை, கப்பல் சாப்பாட்டில் கரப்பான்பூச்சி கிடந்த கதை, எல்லாம் அடித்தேன். கை ஓடியது. அன்றுதான் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, நினைத்த சொற்களாலேயே அதை முடித்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அன்றிலிருந்து என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை.

தினமும் மத்தியானம் வானிலை, கப்பல் எங்கே நிற்கிறது, எந்தத் தீவில் அரிசி தீர்ந்தது, மண்ணெண்ணெய் தீர்ந்தது என்கிற செய்திகள் எல்லாம் போர்ட் பிளேயருக்குப் போகும். அங்கே கண்ட்ரோலில் இருந்தவர் ஒரு கண்டிப்பான மனிதர். ஆனால் வேலை முடிந்ததும் டீ குடிக்கப் போகிறேன் என்று தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு அலைவரிசையில் நடப்பது எதுவும் தன் காதில் விழவில்லை என்பது அவர் கணக்கு. அந்த இடைவெளிதான் எங்களுடையது.

நாங்கள் மூன்று பேர். வடக்கே மாயாபந்தர், நடுவே ஹட்பே, தெற்கே நான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பெயர்கூடச் சொல்லிக்கொண்டதில்லை, இருக்கும் இடத்தின் பெயர்தான் ஆளின் பெயர். ஆனால் கையை வைத்து ஆளைத் தெரியும். ஒவ்வொருவன் தட்டுவதும் ஒவ்வொரு மாதிரி. ஹட்பேயின் கை கனமானது, நிதானமானது. மாயாபந்தரின் கை நடுங்கும், சில நாள் எழுத்தே குழறும். என் கை எல்லோருக்கும் முந்தி ஓடும். எனக்கு அவர்கள் வைத்த பெயர் பக்பக். ஹிந்தியில் வாயாடி என்று அர்த்தம். 'பக்பக், கொஞ்சம் வாயை மூடு, காது வலிக்கிறது' என்று ஹட்பே அடிப்பான். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

மாயாபந்தர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. கை ஏன் நடுங்குகிறது என்று ஒரு நாள் நான்தான் கேட்டுவிட்டேன். நாசூக்கெல்லாம் எனக்கு எப்போதும் கிடையாது.  சாராயம், என்று அடித்தான் அவன். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள், விட நினைக்கிறான், முடியவில்லை. தினமும் யாரிடமாவது கணக்குச் சொல்ல வேண்டியிருந்தால் ஒருவேளை முடியலாம் என்றான். அப்படியானால் எங்களிடம் சொல் என்றோம்.

அப்படி ஆரம்பித்தது. தினமும் டீ இடைவெளி வந்ததும் முதலில் அவன் அடிப்பான்: 'ஆஜ் பீ நஹீ.' இன்றைக்கும் இல்லை. நான் உடனே ஒரே ஒரு எழுத்தைத் திருப்பி அடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆர். கிடைத்தது என்று அர்த்தம். அந்த எழுத்து வராவிட்டால் ராத்திரி சோறு இறங்காது என்பான். குடித்துவிட்ட நாட்களும் உண்டு. அன்றைக்குக் 'குடித்தேன்' என்றே அடிப்பான். அதற்கும் அதே ஆர்தான். திட்டுவதில்லை, புத்தி சொல்வதில்லை. புத்தி சொல்ல அவன் தீவிலேயே ஆட்கள் ஏராளம்.

ஹட்பே மலையாளி. அவனுக்குச் சாராயம் இல்லை, வீட்டு நினைப்பு. அந்த மழை, அந்தக் காடு, அட்டைகள், பாம்பு, எதுவும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டி எப்போதும் கட்டியபடியே இருந்தது. ஒவ்வொரு கப்பல் வரும்போதும், 'ஏறிவிடவா?' என்று கேட்பான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, 'அக்லா ஜஹாஜ்' என்போம். அடுத்த கப்பலில் போகலாம். அடுத்த கப்பல் வந்தால் மறுபடி அடுத்த கப்பல். கேட்காமல் ஏறக்கூடாது என்று ஒரு சட்டமே போட்டுவிட்டோம். மூன்று பேருக்கும் பொதுவான சட்டம். அவன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான், ஆனால் இருந்தான்.

உனக்கு என்ன குறை என்று என்னையும் கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்று அடித்தேன். அந்த அலைவரிசையில் எனக்கு உண்மையிலேயே ஒரு குறையும் இல்லையே.

இடையில் லீவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு மனைவியோடு திரும்பினேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அதில் மாமியாருக்கு ரொம்பத் திருப்தி. விஷயம் கப்பல் ஏறிய பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. 'அடக்கமான மாப்பிள்ளைன்னு எங்கம்மா தெருவெல்லாம் சொன்னாவ' என்று சிரித்தாள். கோபம் வந்தது, எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில்தான். ஆனால் அவள் சிரிப்பில் இளக்காரம் இல்லை என்று கண்டுகொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு நாள் கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நான் தட்டுகிற வேகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வீட்டுல மூணு வார்த்தைக்கு மேல கிடையாது. இங்க இவ்வளவு பேச்சா? யாருகிட்ட?"

சொன்னேன்.

"அந்த ரெண்டு பேருக்கும் நல்லா காது கேக்கும்போல" என்றாள். பிறகு தினமும் சாயங்காலம் அவர்களைப் பற்றி விசாரிப்பாள். வங்காளி இன்றைக்குக் குடித்தானா, மலையாளி பெட்டியை அவிழ்த்தானா.

அறுபதுகளின் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. எல்லாத் தீவுகளுக்கும் புது செட். இனிமேல் தட்ட வேண்டியதில்லை. மைக்கைப் பிடித்து நேராகப் பேசலாம். டெலிபோன் மாதிரி. கார் நிக்கோபாரே கொண்டாடியது. பெரிய அதிகாரி என் தோளில் தட்டி, "இனிமே உங்க வேலை ஈசி" என்றார். ஹட்பே குதித்துக் குதித்து அடித்தான்: 'பக்பக், கையாலேயே இவ்வளவு பேசுகிறவன் வாயால் பேசினால் நாங்கள் பிழைப்போமா?'

நான் பயந்தேன். வேறு எப்படிச் சொல்வது?  முஸ் என்கிற படகுத்துறைக் கரைக்கும் கொட்டகைக்கும் நடந்தேன். கொட்டகைக்கும் கரைக்கும் நடந்தேன். காய வைத்த கொப்பரை வாடை கூடவே வந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போல இருந்தது, எழுந்தால் நடக்க வேண்டும் போல, நடந்தால் ஓட வேண்டும் போல. அந்தத் தீவில் எவ்வளவு ஓட முடியும்? சுற்றிவந்தால் மறுபடி அதே கொட்டகை. பேசத் தெரியாத ஆபரேட்டரை வைத்துக்கொண்டு அரசாங்கம் என்ன செய்யும்? வேலை போவதுகூடப் பெரிதில்லை. அந்த இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். பக்பக் என்று கூப்பிட்டவர்கள் பாவம் என்று கூப்பிடுவார்கள்.

வராத சொல்லைக் கழற்றிவிடும் தந்திரமும் இங்கே செல்லாது. எப்போது பேசினாலும் முதலில் இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது விதி. என் தீவின் பெயரோ க-வில் ஆரம்பிக்கிறது.

வீட்டில் ஒரு சிரட்டையை மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பழகினேன்.

"கா... கா... கா..."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இந்தத் தீவுல காக்காகூடக் கிடையாது. யாரைக் கூப்பிடுதிய?"

சிரட்டையைச் சுவரில் எறிந்தேன். அவள் அதை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, சொல்லுங்க. நான் சிரிக்கல" என்றாள். அன்று பூராவும் சொன்னேன். ஒரு தடவைகூட முழுசாக வரவில்லை.

செட் வந்தது. பழைய செட்டைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டார்கள், அடுத்த கப்பலில் திருப்பி அனுப்ப. புது செட்டோடு ஒரு ஒலிபெருக்கி. ஹெட்போனில் என் ஒருவன் காதுக்குள் கேட்டதெல்லாம் இனிமேல் ஊருக்கே கேட்கும். முதல் நாள் கொட்டகைக்குள் நிற்க இடமில்லை.

"கார் நிக்கோபார், கார் நிக்கோபார், போர்ட் பிளேயர் அழைக்கிறது."

ஸ்விட்சை அழுத்தினேன்.  'க்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. விட்டேன். மறுபடி அழுத்தினேன். 'க்... க்...'

கண்ட்ரோல் சொன்னார்: "கார் நிக்கோபார், உங்கள் குரல் உடைந்து உடைந்து வருகிறது. ஒன்றும் புரியவில்லை. செட்டில் கோளாறு."

கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "புது மாலே இப்படித்தான்" என்று அதிகாரி செட்டைக் குறை சொல்லிக்கொண்டே போய்விட்டார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடல் தாண்டிப் பேசிப் பழகிய எங்கள் தொழிலில் குரல் உடைந்தால் கருவியைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே அது எத்தனை நாளைக்கு என்கிற பதற்றமும் வந்தது.

அன்றைக்குத்தான் மற்ற இருவரின் குரலையும் கேட்டேன். கனத்த கைக்காரன் ஹட்பேயை நான் ஆறடி ஆளாக நினைத்திருந்தேன். குரல் கீச்சென்று இருந்தது. நடுங்கும் கைக்காரன் மாயாபந்தருக்குக் கோவில் மணி மாதிரிக் குரல். அவர்களும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் திணறினார்கள். இரண்டு பேரும் 'சார்' போட்டுப் பேசிக்கொண்டார்கள். என்ன கொடுமை!

டீ இடைவெளியும் செத்துப்போனது. மாயாபந்தரின் செட் இருந்த அறையிலேயே அவனுடைய அதிகாரிக்கு மேஜை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் எப்போதும் நாலு பேர். அங்கே உட்கார்ந்துகொண்டு 'ஆஜ் பீ நஹீ' என்று எப்படிச் சொல்வான்? சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கப்பல், அரிசி, மழை, அவ்வளவோடு நிறுத்திக்கொண்டான். குடிக்கிறானா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மனைவி தினமும் கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன்.

ஆனால் என் செட்டுக்கு வைத்தியம் சொல்ல இரண்டு பேரும் தவறவில்லை. ஏரியலை இறுக்கிக் கட்டு என்றான் ஹட்பே. மரத்தில் ஏறி இறுக்கினேன். பாட்டரித் தண்ணீரைப் பார் என்றான் மாயாபந்தர். பார்த்தேன். மைக்கில் ஈரம் இறங்கியிருக்கும், வெயிலில் வை என்றார் கண்ட்ரோல். வாசலில் பாயை விரித்து மைக்கைக் காய வைத்தேன். பக்கத்தில் மனைவி வடகம் காயப் போட்டிருந்தாள். இரண்டுக்கும் நானே கோழி விரட்டினேன். வடகம் காய்ந்தது.

வானிலை எண்களை எப்படியோ பிய்த்துப் பிய்த்துச் சொல்லிவந்தேன். கண்ட்ரோல் ஒவ்வொன்றையும் திரும்பக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் அவரும் பொறுமை இழந்து, வருகிற கப்பலில் மெக்கானிக் வருவார் என்று அறிவித்தார்.

அவ்வளவுதான். மெக்கானிக் வந்தால் செட்டில் கோளாறு இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அவன் வந்த கப்பலிலேயே நானும் போய்விடுவது, போர்ட் பிளேயரில் ராஜினாமாவைக் கொடுப்பது, மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறுவது என்று முடிவு செய்தேன். பெட்டியைக் கட்டு என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மறுக்காமல் கட்டினாள். கயிறு போட்டு முடிச்சு இறுக்கும்போது மட்டும் கேட்டாள்:

"அந்த ரெண்டு பேருகிட்டயும் கேட்டியளா?"

"எ... எதை?"

"ஏறலாமான்னு. அந்த மலையாளத்துப் பையனை மட்டும் கப்பலுக்குக் கப்பல் புடிச்சு நிறுத்துனிய. உங்களுக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டமா?"

 வெளியே போய் நடந்தேன்.

கடல் கொந்தளிப்பால் கப்பல் தள்ளிப்போனது. ஒவ்வொரு காலையும் கரைக்குப் போய்ப் பார்ப்பேன். வரவில்லை என்றால் நிம்மதி. நிம்மதி வந்த கையோடு, வந்து தொலைந்தால்தான் என்ன என்று எரிச்சல். ஒரு காலை கப்பல் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. ஆட்களும் சாமான்களும் படகில் இறங்கினார்கள். மெக்கானிக் வாந்தி எடுத்த களைப்பில் படகிலிருந்து தவழ்ந்துதான் கரையேறினான். எண்ணெய்த்துணியில் சுற்றிய டூல்பாக்ஸை நெஞ்சோடு அணைத்திருந்தான். தமிழன், போர்ட் பிளேயர் ஷாதிபூரிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"ராத்திரி பூரா உல்ட்டி அண்ணே. குடல் பாஹர் வந்திடுச்சு. மொதல்ல சாய் குடுங்க, அப்புறம் உங்க செட்டைப் பாக்கலாம்."

சாய் குடித்தான். செட்டைத் திறந்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான், மூடினான். மத்தியான நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கப்பல் சாயங்காலம் கிளம்பிவிடும். என் பெட்டி கொட்டகை வாசலில் இருந்தது. பக்கத்தில் மனைவி குடையோடு நின்றிருந்தாள்.

"செட்டு ஏக்தம் டீக்கா இருக்கு, ஒரு கோளாறும் இல்ல. எங்க, நீங்க பேசுங்க" என்று மைக்கை நீட்டினான்.

"கா... கா... க்..."

அவன் செட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி செட்டைப் பார்த்தான்.

"அரே அண்ணே! இதுக்கா என்னை ராத்திரி பூரா உல்ட்டி பண்ண வெச்சீங்க?"

 அவன் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தான். "அங்க போய் நான் என்ன சொல்றது? செட்டு டீக்குன்னா, அப்ப என்ன கராப்புன்னு கேப்பாங்களே?"

"நா... நானும் உங்ககூட வர்றேன்" என்று பெட்டியைக் காட்டினேன்.

அதற்குள் ஒலிபெருக்கி கூப்பிட்டது. கார் நிக்கோபார், கார் நிக்கோபார், மெக்கானிக் வந்தாரா? நான் நகரவில்லை. மெக்கானிக் என்னைப் பார்த்தான். அவனே மைக்கை எடுத்தான். "போர்ட் பிளேயர், கார் நிக்கோபார் பேசுகிறேன். செட் சரியாகிவிட்டது. குரல் எப்படி வருகிறது?" என்று ஹிந்தியில் அழகாகச் சொன்னான்.

"பிரமாதம்!" என்றார் கண்ட்ரோல். "கண்ணாடி மாதிரி வருகிறது." சம்பிரதாயச் செய்திகளை எல்லாம் அவனிடமே வாங்கிக்கொண்டார். முடித்துவிட்டு, புது செட் வந்த நாளிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னார். டீ குடிக்கப் போகிறேன் என்றார்.

உடனே ஹட்பேயின் கீச்சுக்குரல் பாய்ந்து வந்தது. "பக்பக்! வந்துவிட்டாயா! எவ்வளவு நல்ல குரல்டா உனக்கு! நான் நினைத்த மாதிரியே இருக்கிறது! பேசு, பேசு, இத்தனை நாள் பட்டினி!"

மெக்கானிக் திகைத்துப்போய் மைக்கைப் பொத்திக்கொண்டான். "உங்களைன்னு நெனச்சிக்கிட்டாங்க" என்று கிசுகிசுத்தான். "ரெண்டு வார்த்தை பேசி வுட்டுடவா? நீங்கதான் எப்படியும் கெளம்புறீங்களே."

நியாயமான யோசனைதான். அந்த இரண்டு பேருக்கும் என்றைக்கும் தெரியாமல் போய்விடும். பக்பக் நல்ல குரலில் பேசிவிட்டுப் போனான் என்று இருக்கும். ஆனால் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடத்தை நான் கையால் தட்டித் தட்டிச் சம்பாதித்திருக்கிறேன். எவனோ ஷாதிபூர்க்காரன் ஒரு நிமிஷத்தில் வந்து உட்காருவதா? மைக்கை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அ... அது நான் இல்லை."



"கா... கா... க்... கா..." கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாசலில் ஆட்கள் கூடியதும் தெரிந்தது. விடவில்லை. "கா... கார்... நிக்கோபார் பே... பே... பேசுகிறேன். செட்டில் கோ... கோளாறு இல்லை. எ... எனக்குத்தான். சின்ன வயசிலிருந்தே இ... இப்படித்தான். இன்றைக்குக் க... க... கப்பலில் போகிறேன். கே... கேட்காமல் ஏறக்கூடாதே. அதனால்தான் கே... கேட்கிறேன்."

சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஸ்விட்சை விட்டேன். கரகரப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. கண்ட்ரோல் நினைத்திருந்தால் இது அரசாங்க அலைவரிசை என்று வெட்டியிருக்கலாம். அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"அக்லா ஜஹாஜ்" என்றான் ஹட்பே. அந்தக் கீச்சுக்குரல் தழுதழுத்தது. பிறகு அவனுக்கே கோபம் வந்துவிட்டது. "அடுத்த கப்பல், தெரிகிறதா? இந்த மழையில் என்னை உட்கார வைத்துவிட்டு நீ போவாயா? பெட்டியை அவிழ்!"

நான் மாயாபந்தருக்காகக் காத்திருந்தேன். இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். கரகரப்புக்குள் அவன் அறை கேட்டது. நாற்காலி நகர்ந்தது. யாரோ இருமினார்கள். அவன் ஸ்விட்சை அழுத்தி அழுத்தி விடுவது மட்டும் கேட்டது. அவன் போகச் சொல்லப்போகிறான் என்றே நினைத்தேன்.

"ஆஜ் பீ நஹீ" என்றான்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள், அது அவன் அதிகாரியாக இருக்க வேண்டும். மாயாபந்தர் அந்தக் கோவில்மணிக் குரலில், அறையே கேட்கும்படி, இன்னொரு தடவை சொன்னான். "ஆஜ் பீ நஹீ. நேற்றும் இல்லை. செட் வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட இல்லை. சொல்லத்தான் முடியவில்லை."

பிறகு ஸ்விட்சை விட்டான். நான் திருப்பிச் சொல்ல வேண்டிய அந்த ஒன்றுக்காக அவன் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இத்தனை நாளும் அது கிடைக்காமல் அவனுக்குச் சோறு இறங்கியிருக்காது.

வாசலில் மனைவி குடையை மடக்கினாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தாள்.

கையால் என்றால் ஒரே எழுத்து, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். வாயால் சொல்ல அதற்கு 'ராஜர்' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். ர எனக்கு விரோதி இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஸ்விட்சை அழுத்தினேன்.

"ரா... ரா... ரா..."

மாயாபந்தர் காத்திருந்தான். ஹட்பே காத்திருந்தான். போர்ட் பிளேயரில் டீ குடிக்கப் போனவரும் போகாமல் காத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. ஏரியலைப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மைக்கை வெயிலில் வை என்றும் சொல்லவில்லை.

"ராஜர்" என்றேன்.